காட்ஸில்லாவுக்கு வயதாகிறது

2017 டிசம்பரில் நிஸான் நிறுவனம் ஜப்பானில் சுமார் 80 பாகங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வயரிங் கட்டுகள், குழாய்கள், முத்திரைகள், வெளிப்புறத் துண்டுகள் என்று பார்ப்பதற்கு எந்தக் கவர்ச்சியும் இல்லாத சாமான்கள். எல்லாமே 1994இல் தயாரிப்பு நின்றுபோன ஒரே காருக்கானவை: ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர். 23 ஆண்டுகளுக்கு முன் தயாரிப்பை நிறுத்திய காருக்கு மறுபடியும் வயரிங் செய்து விற்க ஒரு பெரிய நிறுவனம் ஏன் முன்வர வேண்டும்? வயதாகிவரும் வேகக் கார்களுக்கு இனி என்ன நேரும் என்பதை அறிய இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே சரி.

ஆர்32 ஜிடி-ஆர் 1989 ஆகஸ்டில் வெளிவந்தது. வரிசையாக ஆறு சிலிண்டர், 2,568 சிசி, இரண்டு டர்போ, தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரங்களுக்கும் விசையை அனுப்பும் நான்கு சக்கர இயக்கம். 1990 முதல் 1993 வரை ஜப்பானின் டூரிங் கார் பந்தயத் தொடரில் நடந்த 29 போட்டிகளிலும் இந்தக் கார்தான் ஜெயித்தது. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் நெடும்பந்தயத்தை 1991, 1992 என அடுத்தடுத்து வென்றது. அந்நாட்டின் 'வீல்ஸ்' இதழ் வைத்த 'காட்ஸில்லா' என்ற பட்டப்பெயர் உலகமெங்கும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் பந்தய வெற்றி மட்டும் ஒரு காரை ஆர்வலர்களின் 'ப்ராஜெக்ட் கார்' ஆக்கிவிடாது. வாங்கி, பிரித்து, மாதக்கணக்கில் வேலை பார்த்து, தன் விருப்பப்படி மாற்றி ஓட்டுவதற்கு ஒரு கார் இடம்கொடுக்க வேண்டும். அந்த இடத்தை ஆர்32இல் நிஸானே விட்டுவைத்திருந்தது. அக்காலத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் ஓர் எழுதாத உடன்பாடு வைத்திருந்தன. உள்நாட்டில் விற்கும் எந்தக் காரின் திறனும் 280 குதிரைத்திறனைத் தாண்டாது என்று அறிவிப்பார்கள். இந்த வழக்கம் 2004இல் ஹோண்டா லெஜண்ட் 300 குதிரைத்திறனோடு வரும்வரை நீடித்தது. ஆர்32இன் என்ஜினோ பந்தயத்தை மனத்தில் வைத்து வார்ப்பிரும்பில் செய்யப்பட்டது. அறிவித்ததைப்போல இருமடங்கைத் தாங்கும் வலு அதற்குண்டு. டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரப்பர் குழாய்க்குள் மிகச் சிறிய துளையிட்ட உலோகத் துண்டு ஒன்றை வைத்திருந்தார்கள். அதை எடுத்துவிட்டாலே காரின் குணம் மாறிவிடும். எந்தக் கருவியும் சொந்தமாக இல்லாத இருபது வயதுப் பையன் ஒரு மதிய நேரத்தில் செய்துவிடக்கூடிய வேலை அது.

டொயோட்டா சூப்ராவின் 2ஜேஇசட் என்ஜினுக்கும் இதே கதைதான். மாஸ்டா ஆர்எக்ஸ்-7, நிஸான் சில்வியா, ஹோண்டாவின் சிவிக்குகள், மிட்சுபிஷியின் லான்சர் எவல்யூஷன்கள் என்று அந்தத் தலைமுறை முழுவதும், தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது பாதி முடிந்த கார்களாகவே வந்தன என்று சொல்லலாம். மீதியை முடித்தவர்கள் வாங்கியவர்கள்.

அவர்களால் அது முடிந்ததற்கு இன்னொரு காரணம் விலை. எந்தக் காரும் புதிதில் விலையுயர்ந்து இருக்கும், பிறகு ஆண்டுக்காண்டு சரியும், ஒரு கட்டத்தில் அடிமட்டத்தைத் தொடும். பழம்பொருளாக மதிக்கப்படத் தொடங்கினால் மறுபடி ஏறும். ப்ராஜெக்ட் காரின் வாழ்வு முழுக்க அந்த அடிமட்டத்தில்தான் நடக்கிறது. கெட்டுப்போனால் பெரிய நட்டமில்லை என்ற துணிவு இருந்தால்தான் ஒருவர் கூரையை அறுப்பார், வேறு என்ஜினை இறக்குவார், மலைப்பாதையில் சறுக்கிப் பழகுவார். ஷூய்ச்சி ஷிகேனோ 1995இல் 'இனிஷியல் டி' காமிக்ஸைத் தொடங்கியபோது அதன் நாயகனுக்கு அப்பாவின் டோஃபுக் கடைக்காரான டொயோட்டா ஏஇ86ஐக் கொடுத்தது, அந்தக் கார் அப்போது யாரும் மதிக்காத பழைய வண்டியாக இருந்ததால்தான் பொருந்தியது.

பிறகு உலகம் வந்து சேர்ந்தது. 1997இன் 'கிரான் டூரிஸ்மோ' வீடியோ விளையாட்டு ஒரு கோடிக்கும் மேல் விற்றது. 2001இல் 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படம் வந்தது. அமெரிக்காவில் இந்தக் கார்களைத் திரையில் பார்த்து வளர்ந்த சிறுவர்களால் ஸ்கைலைனை வாங்க முடியவில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமெரிக்கத் தரத்துக்குச் செய்யப்படாத கார் அங்கே இறங்க வேண்டுமானால் அதற்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும். 2014இல் முதல் ஆர்32களுக்கு அந்த வயது வந்தது. வேலைக்குப் போய்ப் பணம் சேர்த்திருந்த முன்னாள் சிறுவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானிய ஏலக்கூடங்களில் விலை ஏறத் தொடங்கியது. இன்றுவரை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அதே ஸ்கைலைன் வரிசையில் 1999இல் வந்த ஆர்34க்கு 2024இல் வாசல் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டே நடிகர் பால் வாக்கர் படத்தில் ஓட்டிய ஆர்34 ஒன்று ஏலத்தில் 13 லட்சம் டாலருக்கு மேல் போனது. அது சினிமா நட்சத்திரத்தின் கார் என்பதற்கான விலைதான் என்றாலும், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதை அது காட்டியது.

இப்படி விலை ஏறிய கார் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ப்ராஜெக்ட் காராக அல்ல. குளிரூட்டிய கொட்டகையில் துணி போர்த்தி நிற்கும் ஆர்34ஐ யாரும் அறுத்துப் பார்க்கமாட்டார்கள். வேலை பார்க்கக் கை துறுதுறுக்கிற இளைஞர்களுக்கு அது எட்டாமலே போய்விட்டது. அந்த மாதிரிகளில் மிஞ்சியவற்றை வைத்திருப்போரும், இன்னும் மலிவாகக் கிடைக்கும் பிற கார்களை வாங்குவோரும் வேறு ஒரு பிரச்சினையோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

பழைய வேகக் காரின் எமன் என்ஜின் என்று நினைப்பது இயல்பு. வார்ப்பிரும்பு என்ஜினை இறக்கி, சிலிண்டரைப் போர் செய்து, புது பிஸ்டனும் பேரிங்கும் போட்டு ஏற்றிவிட முடியும். அந்த வேலை நூறாண்டுகளாகத் தெரிந்த வேலை. உயிரை வாங்குவது மற்றவை. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் காய்ந்து விரிசல் விடும். மழைநீர் உள்ளே இறங்கித் தளத்தகட்டைத் தின்னும். என்ஜின் சூட்டில் முப்பது ஆண்டுகள் வெந்த கனெக்டர்கள் தொட்டவுடன் பொடியாகும். ஆர்32, ஆர்33 டர்போக்களின் வெளியேற்றப் பக்கச் சக்கரம் பீங்கான் வகையைச் சேர்ந்தது. எடை குறைவு என்பதால் விரைவாகச் சுழன்றெழும். ஆனால் அழுத்தத்தை மிகவும் கூட்டினால் தண்டிலிருந்து முறிந்துவிடும். ஆர்எக்ஸ்-7இன் மூன்றாம் தலைமுறையில் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும் இரு டர்போக்களை இயக்க, என்ஜினின் மேல் பல பத்து மெல்லிய வெற்றிடக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று கெட்டியாகிக் கசிந்தாலும் இரண்டாவது டர்போ நேரத்துக்கு விழிக்காது. எந்தக் குழாய் என்று கண்டுபிடிக்கப் பொறுமைசாலி மெக்கானிக்குக்கும் நாட்கள் ஆகும்.

எல்லாவற்றிலும் கொடியது கண்ணுக்குத் தெரியாமல் நடப்பது. 1980களின் இறுதியில் என்ஜினை ஆளும் கணினிப் பெட்டிகள் வந்துவிட்டன. அவற்றுக்குள் இருக்கும் மின்பகுளிக் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் கசிந்து, சர்க்யூட் பலகையின் செம்புத் தடங்களை அரிக்கும். அக்கால மிட்சுபிஷி கார்களை வைத்திருப்பவர்களுக்கு இது நன்கு தெரிந்த நோய். கார் ஒருநாள் காரணமில்லாமல் இழுக்கும், மறுநாள் சரியாகிவிடும். பிளக்கை மாற்றி, பம்பை மாற்றி, கையில் இருந்த பணமெல்லாம் தீர்ந்த பிறகுதான் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்.

நிஸான் வயரிங் கட்டை மீண்டும் செய்ததன் பொருள் இங்கேதான் விளங்கும். 2019இல் அந்தத் திட்டம் ஆர்33, ஆர்34 கார்களுக்கும் விரிந்தது. டொயோட்டா 2020இல் தன் பழைய சூப்ராக்களுக்கும், பின்பு 2000ஜிடி, ஏஇ86 ஆகியவற்றுக்கும் பாகங்கள் செய்யத் தொடங்கியது. மாஸ்டா இவர்களைவிட ஒருபடி மேலே போனது. 1989இல் அறிமுகமான முதல் ரோட்ஸ்டரைத் தொழிற்சாலையிலேயே புதுப்பித்துத் தரும் சேவையை 2017இன் இறுதியில் அது ஆரம்பித்தது. பாகங்களை மறுபடி செய்து தந்ததோடு நில்லாமல், பிரிட்ஜ்ஸ்டோனோடு சேர்ந்து அந்தக் காலத்து எஸ்எஃப்325 டயரையும் 185/60, 14 அங்குல அளவில் திரும்பக் கொண்டுவந்தது. டயரைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. புதிய கார்களின் சக்கரங்கள் 17, 18, 19 அங்குலம் என்று பெரிதாகிக்கொண்டே போக, 14 அங்குலத்தில் நல்ல பிடிமானமுள்ள டயர் கிடைப்பது ஆண்டுக்காண்டு அரிதாகிறது. என்ஜினை எவ்வளவு செப்பனிட்டாலும் தரையைத் தொடுவது டயர்தான்.

ஆர்எக்ஸ்-7 விஷயத்தில் மாஸ்டாவுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. சுழல் பிஸ்டன் என்ஜினைத் தொடர்ந்து செய்த ஒரே பெரிய நிறுவனம் அதுதான். 2012இல் ஆர்எக்ஸ்-8 நின்ற பிறகும் பழைய கார்களுக்கான மாற்று என்ஜின்களை ஹிரோஷிமாவில் செய்துகொண்டிருந்தது. 2023இல் எம்எக்ஸ்-30 என்ற மின்காரின் பேட்டரிக்கு மின்சாரம் உற்பத்தி செய்ய 830 சிசி ஒற்றைச் சுழலி என்ஜினைப் புதிதாகவும் வடித்தது. அந்த என்ஜினின் பாகங்கள் ஆர்எக்ஸ்-7க்குப் பொருந்தாது. ஆனாலும் சுழலியின் முனை அடைப்பான்களை எந்த உலோகத்தில், எந்த நுட்பத்தில் செய்வது என்று தெரிந்த கைகள் அந்தத் தொழிற்சாலையில் ஓய்வுபெறாமல் இருக்கின்றன. ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவருக்கு அதைவிடப் பெரிய காப்பீடு கிடையாது.

ஆனால் நிறுவனங்கள் கைதூக்கிவிடுவது தங்கள் புகழுக்கு உதவும் கார்களை மட்டும்தான். சுமார் 44,000 ஆர்32 ஜிடி-ஆர்கள் செய்யப்பட்டன, ஒவ்வொன்றையும் வைத்திருப்பவர் செலவழிக்கத் தயார். எனவே வார்ப்பச்சுக்குப் போடும் காசு திரும்பி வரும். அதே காலத்தின் மிட்சுபிஷி 3000ஜிடி விஆர்-4 காரைப் பாருங்கள். இரண்டு டர்போ, நான்கு சக்கர இயக்கம், நான்கு சக்கரமும் திரும்பும் ஸ்டியரிங், வேகத்துக்கேற்ப எழுந்து தாழும் இறக்கைகள், மின்னணு முறையில் இறுக்கம் மாறும் ஷாக் அப்சார்பர்கள். தன் காலத்தில் இவ்வளவு தொழில்நுட்பத்தைச் சுமந்த கார் அரிது. அந்தச் செழுமையே இன்று அதற்குப் பகை. ஒவ்வொரு மோட்டாரும் ஒவ்வொரு உணரியும் கெட்டுப்போகக் காத்திருக்கும் இன்னொரு பாகம். வைத்திருப்பவர்கள் இறக்கைகளை ஒரே நிலையில் நிறுத்திவிட்டு, பின்சக்கர ஸ்டியரிங்கை அடைத்துவிட்டு, சாதாரண ஷாக் அப்சார்பரைப் போட்டு ஓட்டுகிறார்கள். கார் ஓடுகிறது; அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தக் கார் போய்விட்டது.

நிறுவனம் கைவிட்ட இடத்தில் சிறு பட்டறைகள் நிற்கின்றன. ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், மோட்டெக், நியூசிலாந்தின் லிங்க் ஆகியவை பழைய கணினிப் பெட்டியின் அதே கனெக்டரில் செருகிக்கொள்ளும் புதிய பெட்டிகளை விற்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஸ்கைலைன் என்ஜினின் உடலையே கெட்டி அலுமினியப் பாளத்திலிருந்து கடைந்தெடுக்கிறார்கள். போர்ஷே நிறுவனம் 292 மட்டுமே செய்த தன் 959 காரின் கிளட்ச் நெம்புகோலை 2018இல் முப்பரிமாண அச்சில் உலோகத்தூளிலிருந்து எடுத்துக் காட்டியது. அச்சுவார்ப்பு இல்லாமல் ஒன்றே ஒன்று மட்டும் செய்ய முடியும் என்பதுதான் இதில் முக்கியம். பிளாஸ்டிக் பிடிகள், விளக்கின் உறைகள் போன்றவற்றை இன்று வீட்டிலேயே ஸ்கேன் செய்து அச்சிடுகிறார்கள். எனவே 1990களின் கார்களைப் பொறுத்தவரை கவலை குறைவு. அவற்றின் மூளை சின்னது; தூக்கியெறிந்துவிட்டு வேறு மூளை வைத்தாலும் மற்ற உறுப்புகள் கண்டுகொள்வதில்லை.

இருபது வயது ஆகியிருக்கும் கார்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. இன்று விலையின் அடிமட்டத்தில் இருப்பவை அவைதான். எதிர்காலப் ப்ராஜெக்ட் கார்கள் என்று பேச வேண்டியதும் அவற்றையே. 2005 முதல் 2010 வரை பிஎம்டபிள்யூ செய்த இ60 எம்5 ஒரு நல்ல சான்று. 5 லிட்டர், பத்து சிலிண்டர், 507 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,000 சுற்றுகளுக்கு மேல் பாடும் என்ஜின். புதிதில் வைத்த விலையோடு ஒப்பிட்டால் இன்று ஐரோப்பாவில் அதில் சிறு பங்குதான். காரணம் எல்லோருக்கும் தெரியும்: கனெக்டிங் ராட் பேரிங்குகள் தேயும், காற்று வாசலைத் திறக்கும் மோட்டார்கள் பழுதாகும், ஏழு கியர் தானியங்கிப் பெட்டியின் ஹைட்ராலிக் பம்ப் சாகும். இவை இயந்திரக் கோளாறுகள், பழக்கப்பட்ட கைகள் சரிசெய்துவிடும். ஆனால் அந்தக் காருக்குள் என்ஜின், கியர், பிரேக், கதவு, சாவி எல்லாம் ஒரே வலைப்பின்னலில் ஒன்றையொன்று அடையாளம் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. காயலான்கடையில் வாங்கிய பெட்டியைச் செருகினால் மற்றவை அதை ஏற்காது. நிறுவனத்தின் மென்பொருளால் அறிமுகம் செய்துவைத்தால்தான் உண்டு.

ஆர்32இன் வாரிசான நிஸான் ஆர்35 ஜிடி-ஆரில் இது இன்னும் வெளிப்படை. 2007இன் இறுதியில் வந்த அந்தக் கார், ஜப்பானில் மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தடையோடு விற்கப்பட்டது. பந்தயத்தடம் ஒன்றில் கார் நிற்கிறது என்று செயற்கைக்கோள் வழியாக உறுதியானால் மட்டுமே அந்தத் தடையை நீக்க முடியும். குழாய்க்குள் இருந்த உலோகத் துண்டை ஒரு மதியத்தில் உருவி எறிந்த பையனிடமிருந்து, காரே தன் இடத்தைப் பார்த்து அனுமதி தரும் நிலைக்கு வர இருபது ஆண்டுகள்கூட ஆகவில்லை. சுமார் 48,000 கார்களோடு 2025 ஆகஸ்டில் ஆர்35இன் தயாரிப்பும் முடிந்தது.

மென்பொருள் பூட்டைப் பற்றி அமெரிக்காவில் சட்டமே பேச வேண்டி வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் கார்ப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தை இயற்றியது. 2020 நவம்பரில் வாக்காளர்கள் அதை வயர்லெஸ் வழியாகப் போகும் தரவுகளுக்கும் விரித்தார்கள். தன் காரின் மென்பொருளைப் பழுதுபார்ப்பதற்காகத் திறப்பது பதிப்புரிமை மீறலாகாது என்ற விலக்கு 2015இல் கிடைத்தது. டிராக்டர் வைத்திருந்த விவசாயிகளும் கார் ஆர்வலர்களும் ஒரே பக்கம் நின்று கேட்டுப் பெற்ற உரிமை அது. இருந்தும், பூட்டைத் திறக்க உரிமை இருப்பது வேறு, சாவி கையில் இருப்பது வேறு.

இன்னொரு நெருக்கடி நகரங்களின் வாயில்களில். லண்டனில் 2023 ஆகஸ்டிலிருந்து எல்லாப் பகுதிகளிலும், யூரோ 4 புகைத் தரத்துக்குக் குறைந்த பெட்ரோல் கார் ஓடினால் நாளொன்றுக்கு 12.50 பவுண்டு கட்ட வேண்டும். நாற்பது வயது ஆகி, வரலாற்று வாகனம் என்று பதிவான கார்களுக்கு விலக்கு உண்டு. கலிபோர்னியாவில் 1975 அல்லது அதற்கு முந்தைய கார்களுக்குப் புகைச் சோதனையில்லை. அதற்குப் பிறகு வந்தவற்றில் என்ஜினை மாற்றினால் தனி அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ஜப்பானில் பதின்மூன்று வயது கடந்த பெட்ரோல் காருக்கு ஆண்டு வரி கூடுகிறது. புதியதும் இல்லை, போற்றும் அளவுக்குப் பழையதும் இல்லை என்ற அந்த நடுவயதுதான் காருக்கு ஆபத்தான வயது. பெரும்பாலான கார்கள் உடைப்பதற்குப் போவதும் அப்போதுதான். நகரக் காற்று சுத்தமாக வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் ஆண்டுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காரையும் தினம் ஓடும் டீசல் வேனையும் ஒரே தட்டில் நிறுக்கும் விதி, காற்றுக்குச் சிறு நன்மைதான் செய்கிறது. கைத்திறனுக்குப் பெரிய கேடு செய்கிறது.

இந்தியாவில் இந்தக் கதை வேறு திசையில் போயிருக்கிறது. மூன்று ஆண்டுக்கு மேல் பழைய கார்களை இறக்க விதிகள் இடம்கொடுக்காததால் ஸ்கைலைனும் சூப்ராவும் இங்கு முறைப்படி வந்து சேரவில்லை. ஆனால் எவல்யூஷன் 4 முதல் 6 வரையிலான கார்களுக்கு அடிப்படையான அதே தலைமுறை லான்சர், 1998 முதல் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் தயாரானது. 2000களில் இந்திய ராலிப் பந்தயங்களில் லான்சரும் அதன் வாரிசான சிடியாவும் கொடிகட்டிப் பறந்தன. அன்றைய லான்சர்கள் பதிவுக்கான 15 ஆண்டு வரம்பை எப்போதோ தாண்டிவிட்டன. 2022 ஏப்ரலிலிருந்து மறுபதிவுக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. இருபது வயதைக் கடந்த கார்களுக்கு 2025இல் 10,000 ஆக உயர்ந்தது. பணம்கூடப் பரவாயில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தந்த விளக்கமும் சேர்ந்து, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களுக்குக் கதவைச் சாத்திவிட்டன. சாலைப் பாதுகாப்பை முன்வைத்த தீர்ப்பு அது. ஆனால் சோதித்து ஒப்புதல் தரும் வழி ஒன்றைத் திறந்துவைத்திருந்தால், திறமையான பட்டறைகள் ஒளிந்து வேலை செய்ய வேண்டியிருக்காது.

மின்சாரத்துக்கு மாற்றிவிடலாமே என்ற யோசனையை நிறுவனங்களே சோதித்துப் பார்த்திருக்கின்றன. டொயோட்டா 2023 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலூனில் இரண்டு ஏஇ86களைக் காட்டியது. ஒன்று ஹைட்ரஜனை எரிப்பது, இன்னொன்று பேட்டரியில் ஓடுவது. நிஸான் 2025 ஜனவரியில் அதே கண்காட்சியில் ஆர்32இன் மின்வடிவத்தை நிறுத்தியது. முன்னும் பின்னும் 160 கிலோவாட் மோட்டார் ஒவ்வொன்று, பழைய என்ஜினின் ஒலியை ஸ்பீக்கரில் எழுப்பும் அமைப்பு. 1,430 கிலோவாக இருந்த கார் 1,797 கிலோ ஆனது. அந்தப் பொறியாளர்களின் அக்கறை உண்மையானது, வேலையும் நேர்த்தியானது. ஆனால் அது ஒரு பெரிய நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் செய்த ஒற்றைக் கார். ஒரு கொட்டகையும் ஒரு ஜாக்கியும் வைத்திருப்பவருக்கு இன்று அது வழிகாட்டாது.

அப்படிப்பட்டவருக்கு வழிகாட்டும் கார் வேறு ஒன்று இருக்கிறது. ஏஇ86இன் எண்ணையே பெயராகச் சூடி 2012இல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்த 86. இரண்டு லிட்டர், 200 குதிரைத்திறன், டர்போ இல்லை, பின்சக்கர இயக்கம், கையால் மாற்றும் கியர். பின்னிருக்கையை மடித்தால் நான்கு டயர்களை ஏற்றிக்கொண்டு பந்தயத்தடத்துக்குப் போகலாம் என்று கணக்கிட்டே உள்ளிடத்தை வடிவமைத்தார்கள். அந்த முதல் கார்கள் இப்போது விலையின் சரிவில் இருக்கின்றன, இளைஞர்கள் வாங்குகிறார்கள், பிரிக்கிறார்கள். பாகங்கள் இன்று கடையில் கிடைக்கின்றன. அவை கிடைக்காமல் போகும் நாளில் வரைபடங்களையும் அளவுகளையும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் சாவிகளையும் வெளியிட்டுவிடுவோம் என்று தயாரிப்பாளர்கள் இப்போதே எழுதிக் கொடுத்தால், நிஸான் 23 ஆண்டுகள் கழித்துச் செய்ததை ஊர்ப் பட்டறையே மறுநாள் செய்துகொள்ளும்.